வாலில் குந்தும் லிபரேட்டர், வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 1/32 அளவில் பி-24 லிபரேட்டர் என்ற இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். நிஜ விமானத்தின் இறக்கை 33.5 மீட்டர், என் மேசையில் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. வீட்டில் வாங்கும் திட்டு தனிக்கதை.

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு இருப்பதுபோல் இதற்கு வாலில் சக்கரம் இல்லை, மூக்கில்தான். உடலை டேப் ஒட்டி நிறுத்திப் பார்த்தேன். பொத்தென்று வால் மேசையில் இடித்தது. மூக்கு முழுக்கக் கண்ணாடி, எடையை ஒளிக்க இடமே இல்லை. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை விமானி இருக்கைக்கு அடியிலும் எஞ்சின் கூடுகளிலும் திணித்தேன். எஞ்சின்கள் பெரிய சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே போட்டது பெரிதாக உதவவில்லை. இப்போது 300 கிராம் ஆகிவிட்டது, சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்கள் அகட்டிக்கொண்டு நிற்கின்றன. கால்களுக்குள் பித்தளைக் கம்பி செருகியவர்கள் உண்டா? என்ன தடிமன்? துளை போடும்போது பிளக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

அப்புறம், இதை இந்திய விமானப்படை விமானமாக முடிக்க ஆசை. போருக்குப் பின் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். விமான நிறுவனம் சீர்செய்து பறக்கவிட்டதே, அதுதான். வெற்று உலோக மினுமினுப்புக்கு அடியில் பளபளப்புக் கருப்பு அடித்தேன். விரல்ரேகை அப்படியே தெரிகிறது. அதற்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.