உதவி: 1758 சென்னைத் தெருவுக்குப் பொதுமக்கள் வேண்டும், 1/72 உருவங்கள் எங்கே கிடைக்கும்?

மணற்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். மேசைப் போர் விளையாட்டுக்காக (குட்டி உருவங்களைப் படைகளாக மேசையில் நகர்த்தி ஆடுவது) 1758 டிசம்பர் 14ஆம் தேதியைச் செய்துகொண்டிருக்கிறேன். லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையின் கறுப்பர் பட்டணத்துக்குள், அதாவது கோட்டைக்கு வெளியே நம் மக்கள் குடியிருந்த பகுதிக்குள், நுழைந்த நாள். ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை இன்னும் விழவில்லை. அதற்குள் சிப்பாய்கள் வீடுகளைக் கொள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருத்தெருவாகச் சிதறிப்போனார்கள். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயக் கர்னல் டிரேப்பர் கோட்டையிலிருந்து படையோடு வெளியேறி, பிரெஞ்சு லொரேன் ரெஜிமெண்டின் மேல் பாய்ந்தார். பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேன் சிறைப்பட்டது அன்றுதான். குறுகிய தெருச் சண்டை என்பதால் மேசைக்கு மிகவும் பொருத்தமானது.

படைவீரர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தச் சண்டையும் அடங்கிய ஏழாண்டுப் போருக்கான 1/72 (உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் உருவப் பெட்டிகள் வாங்கி, ஒரு வருடமாக வண்ணம் தீட்டிவிட்டேன். வீடுகளையும் அட்டையில் செய்துவிட்டேன். போன மாதம் முதல் ஆட்டம் ஆடிப் பார்த்தோம். என் நண்பர் தெருக்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை வீட்டிலும் குடியிருந்தவர்கள் எங்கே?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த மேசையைப் பார்க்கவே மனம் வரவில்லை. கொள்ளை போனது அவர்களுடைய வீடுகள். அவர்கள் இல்லாமல் அந்த நாளை எப்படி ஆடுவது?

எனக்குக் குறைந்தது 40 பேர் வேண்டும். நெசவாளர், செட்டியார், பல்லக்குத் தூக்குபவர்கள், பெண்கள், குழந்தைகள். இதுவரை முயன்றவை:

வெளிநாட்டு 'கிராம மக்கள்' பெட்டிகளில் வருபவர்கள் எல்லாம் இடைக்கால ஐரோப்பியர்கள். தலையில் முக்காட்டுத் தொப்பி, காலில் பூட்ஸ். முப்பரிமாண அச்சில் ரெசின் உருவங்கள் செய்து தருபவர் ஒருவரிடம் பத்துப் பேருக்குப் பணம் கட்டினேன். பெட்டியைத் திறந்தபோது ஆறு பேருக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மைக் கடைகளில் தேடினேன், அளவு ஒத்துவரவில்லை. கடைசியாக, பண்டைய எகிப்தியப் படைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். வெறும் மேல், இடுப்பில் துண்டு என்று இருப்பதால் வேட்டியாக மாற்றிவிடலாம் என்று நினைத்து எம்-சீல் (பிசைந்து வைத்தால் கெட்டியாகிவிடும் மாவு போன்ற பசை) வைத்தேன். காய்ந்த மறுநாள் வேட்டி மட்டும் தனியாகக் கழன்று கையில் வந்துவிட்டது.

எங்கே வாங்கலாம்? வாங்க முடியாது என்றால் எப்படிச் செய்யலாம்?

ஈயச்சிப்பாய்:

தம்பி, முதலில் அந்த வேட்டி விஷயம். மென்மையான 1/72 உருவங்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக். மெழுகு போன்ற அதன் மேல் எதுவும் ஒட்டாது. எம்-சீல், பசை, வண்ணம் எல்லாவற்றுக்கும் இதே கதி. உருவங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்து வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு எம்-சீல் உட்காரும் இடத்தில் ஊசியைச் சூடாக்கி நான்கைந்து குழிகள் போடுங்கள். எம்-சீல் அந்தக் குழிகளுக்குள் வேர் போல இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், மாட்டிவைக்கப் பாருங்கள். நான் இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் உங்களுக்கு அந்த எகிப்தியர்கள் தேவையா என்பதே என் கேள்வி. அவர்கள் எல்லாரும் ஈட்டி எறியும் நிலையில் நிற்பார்கள். ஆயுதத்தை வெட்டி எடுத்தாலும் உடம்பு போர்வீரனாகவே நிற்கும். தோளும் காலும் பொய் சொல்லாது.

நெடுஞ்சுவர்:

நான் கட்டடக்கலை படித்தவன். கல்லூரியில் மாதிரி செய்யும்போது அதில் வைப்பதற்குக் குட்டி மனிதர்களை வாங்குவோம். கட்டடக்கலைக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுதுபொருள் கடைகளில் 1:50, 1:75, 1:100, 1:200 என்று பொட்டலமாகக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது 1:75. ஐந்தடி எட்டு அங்குல ஆள் 1/72இல் 24 மில்லிமீட்டர், 1:75இல் 23. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மேசையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் இரண்டு நன்மை. நான் வாங்கியவை எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக், எம்-சீல் நன்றாகப் பிடிக்கும். இன்னொன்று, ஈயச்சிப்பாய் ஐயா சொன்னதற்கு இதுதான் பதில்: இவர்கள் யாரும் போர்வீரர்கள் அல்ல. நிற்கிறார்கள், நடக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். பேன்ட்டும் பாவாடையும் அணிந்த இன்றைய மனிதர்கள்தான். அவற்றின் மேல் துணி சுற்ற வேண்டியது உங்கள் வேலை.

ரயில் மாதிரிகளுக்கான உருவங்களையும் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஓஓ அளவு 1/76, அது ஒத்துப்போகும். ஜெர்மானியப் பிரைசர் நிறுவனத்தின் எச்ஓ உருவங்கள் 1/87. அழகானவை, ஆனால் பெரியவர்கள் 20 மில்லிமீட்டர்தான் வருவார்கள். அவர்களில் சிலரைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வரலாற்றுத் திருத்தமும் இருக்கிறது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதி. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் பல வீடுகளை இடித்துவிட்டார்கள். 1758இல் லாலியின் ஆட்கள் நுழைந்தது அதற்கு வடக்கே இருந்த முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளுக்குள். ஆகவே கோட்டை மதிலுக்கும் முதல் வீட்டு வரிசைக்கும் நடுவில் திறந்த வெளி விடுங்கள். டிரேப்பரின் ஆட்கள் அதைக் கடந்து போய், திரும்பியும் வர வேண்டியிருந்தது. அந்த வெளியில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று பிறகு 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

மணற்கோட்டை:

நெடுஞ்சுவர் அண்ணா, மிக்க நன்றி. வீடுகளை மதிலோடு ஒட்டித்தான் வைத்திருந்தேன்; இன்றே பிரித்துவிட்டேன். 1:75 உருவங்கள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். ஆனால் எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல விறைப்பாக நிற்கிறார்கள். ஊரை விட்டு ஓடுபவர்களாக எப்படி மாற்றுவது? சேலை எப்படிச் சுற்றுவது?

தூரிகைமுனை:

இதற்காகவே எழுதுகிறேன். பொதுமக்களைச் செய்வதுதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் ஓட்டம். உருவத்தின் பாதத்துக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வட்டை வெட்டி எறிந்துவிட்டு, குண்டூசியைக் காலில் செருகி, உங்கள் அடித்தட்டில் நடுங்கள். நேராக நடாதீர்கள். சற்றே முன்னால் சாயும்படி நடுங்கள். வேறு எதையும் மாற்றாமலே அவர் நடையைக் கூட்டிவிடுவார். அடுத்து, கைகளை முழங்கையில் வெட்டி மேலே தூக்கி ஒட்டி, தலையில் ஒரு மூட்டை வையுங்கள். தலைச்சுமை ஏறியதும் பஸ்ஸுக்கு நின்றவர் காணாமல் போய்விடுவார்.

சேலைக்கு எம்-சீல் வேண்டாம், தடித்துவிடும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்தெடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் உருவத்தின் மேல் தடவுங்கள். காகிதத்தை நனைக்காமல் இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, முன்னால் மூன்று மடிப்பு வைத்து, மிச்சத்தை மார்பின் குறுக்கே தோளுக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகுதான் ஈரத் தூரிகையால் தொட வேண்டும். தொட்டதும் காகிதம் உடம்போடு படிந்து, மடிப்புகள் தாமாகவே விழும். அந்த நொடியில் கை நடுங்காமல் இருக்க வேண்டும். இரண்டாம் முறை தொட்டால் கிழிந்துவிடும். ஓர் இரவு காய்ந்தால் கெட்டியாகிவிடும். கொண்டைக்கு ஒரு கடுகளவு எம்-சீல் போதும். தலைப்பாகைக்கு எம்-சீலை நூல் போல உருட்டி, இரண்டு இழைகளை முறுக்கித் தலையைச் சுற்றுங்கள்.

உடைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியங்களைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆங்கிலேயர்களுக்காக நம் ஓவியர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து வரைந்தவை. ஒவ்வொரு தொழில் செய்பவரையும் மனைவியோடு, கையில் கருவியோடு, ஜோடி ஜோடியாக வரைந்திருப்பார்கள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் பல இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் காலத்துக்குச் சில பத்தாண்டுகள் பிந்தியவை, ஆனாலும் இவற்றைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது கடினம். சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணியின் நூல் 1782இல் வந்தது. அதிலும் சோழமண்டலக் கடற்கரை மக்களின் செதுக்கோவியங்கள் இருக்கின்றன.

வண்ணத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். செயற்கைச் சாயம் 1856இல்தான் வந்தது. ஊதாவும் பளீர் இளஞ்சிவப்பும் உங்கள் தெருவில் நடக்கவே கூடாது. பெரும்பாலும் வெள்ளைப் பருத்தி. அதோடு அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள். வெள்ளையையும் நேரடி வெள்ளையாகத் தீட்டாதீர்கள். சந்தன நிறத்தை அடியில் கொடுத்து, மடிப்புகளின் முகட்டில் மட்டும் வெள்ளையை ஏற்றுங்கள். துவைத்துத் துவைத்து உடுத்திய துணி அப்போதுதான் தெரியும்.

ஈயச்சிப்பாய்:

கொலு பொம்மைகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று எங்கே வாங்கினாலும் மனிதர்கள் நம் அளவுக்கு வர மாட்டார்கள். என்னிடம் இருக்கும் கிராமத் தொகுப்பில் மிகச் சிறிய ஆளே 4 சென்டிமீட்டர். ஆனால் அதே தொகுப்பில் வந்த கூடைகளும் பானைகளும் பூசணிக்காய்களும் என் மேசையில் இன்றைக்கும் இருக்கின்றன. பெரிய உருவத்தின் சிறிய பானை, சிறிய உருவத்தின் பெரிய தாழி ஆகிவிடும். சுடாத மண்ணில் செய்தவையாக இருந்தால் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்த பிறகே தண்ணீர் வண்ணம் தொடுங்கள். இல்லாவிட்டால் கரைந்து சேறாகிவிடும்.

ஆட்டத்தில் இவர்களை எப்படி நடத்தப்போகிறீர்கள்? வெறும் அலங்காரமாக நிறுத்தினால் இத்தனை உழைப்பும் வீண். என் யோசனை: ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி மக்கள் கூட்டம் ஒரு தெரு நகரட்டும். கூட்டம் நிற்கும் தெருவில் வரிசை கட்ட முடியாது, குறுக்கே சுடவும் முடியாது. பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஒரு வீட்டைத் தொட்டால் அடுத்த இரண்டு சுற்றுக்கு உள்ளேயே இருந்துவிட வேண்டும். மக்களை ஊருக்கு வெளியே பத்திரமாகப் போகவிட்டதற்கு இரு தரப்புக்கும் புள்ளிகள் கொடுங்கள். அப்போதுதான் ஆடுபவர்கள் அவர்களைப் பார்த்து ஆடுவார்கள்.

மணற்கோட்டை:

மூன்று வாரம் ஆகிவிட்டது. 26 பேர் முடிந்திருக்கிறார்கள்.

தூரிகைமுனை அக்கா, முதல் நான்கு சேலைகள் கிழிந்தன. ஐந்தாவது படிந்தபோது கத்திவிட்டேன். வீட்டில் எல்லாரும் ஓடிவந்தார்கள். இப்போது ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு போகிறாள். பின்னால் ஒரு சிறுவன் அவளுடைய முந்தானையைப் பிடித்திருக்கிறான். அவன் கை ஓர் அரிசி முனை அளவு எம்-சீல். உட்கார்ந்திருந்த உருவம் ஒன்றை முதியவராக்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன். அவர் எங்கும் போகவில்லை. நேற்று ஐயாவின் விதிப்படி ஆடினோம். என் நண்பர் ஒரு தெருவில் சுடலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, தம் படையைச் சுற்றுவழியில் கொண்டுபோனார்.

கழுவி, குழி போட்ட எகிப்தியர்களின் வேட்டி கழலவில்லை. அவர்களில் தோள் பொருந்திய நான்கு பேரைப் பல்லக்குக்கு எடுத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு சிக்கல்: பல்லக்குக் கம்பு. குண்டூசியை வைத்தால் வண்டியின் அச்சு போல இருக்கிறது.

நெடுஞ்சுவர்:

நேராக இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது, தம்பி. அக்காலப் படங்களில் பல்லக்கின் மூங்கில் நடுவில் மேல் நோக்கி வளைந்து, இருக்கைக்கு மேலே வில் போல நிற்கும். இரண்டு முனைகள் மட்டும் நேராகத் தோளுக்கு வரும். தென்னை ஈர்க்குச்சி ஒன்றைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஒரு மருந்துப் புட்டியின் மேல் வளைத்து, நூலால் கட்டிக் காயவிடுங்கள். மறுநாள் அவிழ்த்தால் வளைவு அப்படியே நிற்கும்.