எம்டன் மாடலுக்கு எனாமலா, அக்ரிலிக்கா? மழை வேறு வரப்போகிறது

காகிதக்கப்பல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரெவெல் கம்பெனியின் 1/350 அளவு எம்டன் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல். அசல் கப்பல் 118 மீட்டர் நீளம், மாடல் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சென்னை ஹைகோர்ட் மதில்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டே பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போனவன் நான். சேட்டை செய்தால் பாட்டி 'சரியான எம்டன்டா நீ' என்றுதான் திட்டுவார். அதனால் இந்தக் கப்பலைச் சொதப்பிவிடக் கூடாது என்று ஒரு பயம்.

இதுவரை இரண்டு விமான மாடல் மட்டும் செய்திருக்கிறேன், இரண்டுமே அக்ரிலிக் பெயிண்ட், இரண்டிலும் இறக்கை முழுக்க பிரஷ் கோடு. பெயிண்டைக் காற்றில் தெளிக்கும் ஏர்பிரஷ் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இப்போதைக்கு இல்லை, கம்ப்ரஸர் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஒருவர் எண்ணெய் வகைப் பெயிண்டான எனாமல்தான் பிரஷ்ஷுக்கு ராஜா என்கிறார், இன்னொருவர் இந்தக் காலத்தில் யார் எனாமல் தொடுகிறார்கள் என்கிறார். ஆன்லைனில் எனாமல் டப்பா ஆர்டர் போட்டால் தீப்பிடிக்கும் பொருள் என்று கூரியரில் எடுக்க மறுக்கிறார்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் கிடைக்கிறது, அதை வைத்து ஒப்பேற்றலாமா? இன்னும் ஒரு மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் முடிக்க வேண்டும்.

பழையடப்பா எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஹார்டுவேர் கடைப் பக்கம் போகாதீர்கள். கதவுக்கு அடிக்கிற எனாமல் கதவுக்குத்தான். அதன் படலம் தடிமன், 1/350 அளவில் கப்பல் பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஜன்னல்கள் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், ஒரு கை அடித்தாலே பாதி அடைந்துவிடும். மாடலுக்கென்று வருகிற எனாமலில் நிறத்தூள் மிகவும் நைசாக அரைத்திருப்பார்கள், விலை அதற்குத்தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக எனாமல்தான், ஹம்ப்ரால் கம்பெனியின் 14 மில்லி டப்பாக்கள் இன்னும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. கப்பல் உடம்பு என்பது ஒரு ஜாண் இரண்டு ஜாணுக்கு வளைந்து போகிற ஒரே பரப்பு. எனாமல் மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடு தானாகவே ஓடிச் சமமாகிவிடும். அக்ரிலிக் நீங்கள் மூக்கிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருவதற்குள் மூக்கு காய்ந்துபோயிருக்கும், காய்ந்த ஓரத்தில் மறுபடி பிரஷ் படும்போதுதான் கோடு விழுகிறது. உங்கள் விமான இறக்கையில் நடந்தது இதுதான்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், கிளறுங்கள். தட்டையான குச்சியால் அடியில் படிந்திருக்கும் கெட்டிப் பகுதியை வழித்து எடுத்து ஐந்து நிமிஷம் கிளற வேண்டும், அவசரப்பட்டு மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் தொட்டு அடித்தால் மேட் பெயிண்ட் பளபளவென்று காயும், அப்புறம் பெயிண்ட் சரியில்லை என்பீர்கள். மூடும் முன் விளிம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடி சரியாக உட்காராது, அடுத்த முறை திறக்கும்போது பாலாடை மாதிரி ஒரு தோல் கட்டியிருக்கும். தட்டைப் பிரஷ், ஒரு விரல் அகலம், கப்பலின் நீளவாக்கில் ஒரே இழுப்பு, இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. நீர்க்க வைத்து இரண்டு கை, நடுவில் ஒரு முழு நாள். மழை நாளில் இரண்டு மூன்று நாள் விடுங்கள், விரல் வைத்துப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நீர்க்க வைக்க மினரல் டர்பன்டைன் மட்டும். ஒரு தடவை கடையில் 'தின்னர்' என்று கேட்டதற்கு எடுத்துக் கொடுத்ததை வாசித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன், அது என்சி தின்னர், நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கு ஊற்றுவது. பெயிண்டில் கலந்து ஒரு நாசகாரிக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தேன், பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி, பிரஷ்ஷின் ஒரு மயிர் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த மயிரோடு ஷெல்ஃபில் நிற்கிறது.

ஈரத்தூரிகை எழுதியது:

பழையடப்பா சார் சொல்லும் பிரஷ் முறை எல்லாம் சரி, அக்ரிலிக் பற்றிச் சொன்னதில்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது. அக்ரிலிக் என்று ஒரே பொருள் இருப்பதுபோல் எல்லோரும் பேசுகிறார்கள். டமியா கம்பெனி புட்டியும் வலெஹோ கம்பெனி புட்டியும் இரண்டும் அக்ரிலிக்தான், ஆனால் குணத்தில் பங்காளிகள்கூட இல்லை. டமியாவில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது, ஏர்பிரஷ்ஷில் தங்கமாகப் போகும், பிரஷ்ஷில் இரண்டாவது கை அடிக்கும்போது முதல் கையைக் கரைத்து வாரிக்கொண்டு வரும். அவர்களே விற்கும் ரிட்டார்டரை ஓரிரு துளி விட்டால் காய்வது தாமதமாகி ஓரளவு சமாளிக்கலாம், பெரிய பரப்புக்கு அதுவும் தலைவலி. வலெஹோ மாடல் கலர் தண்ணீர் வகை, பிரஷ்ஷுக்கென்றே செய்தது. காகிதக்கப்பல், உங்கள் விமானங்களுக்கு எது அடித்தீர்கள்? டமியா என்று பந்தயம் கட்டுகிறேன்.

தண்ணீர் வகையை நம் ஊர் வெயிலில் அப்படியே தட்டில் விட்டு வேலை செய்ய முடியாது. நான் ஒரு பழைய டிபன் மூடியில் ஈரப் பஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட் வைத்துக்கொள்வேன். கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், இரண்டு மணி நேரம் ஆனாலும் காயாது. பாலைவிடக் கொஞ்சம் தண்ணியாகக் கலக்கி மூன்று நான்கு கை அடியுங்கள், முதல் கை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பதறாதீர்கள், பதறி அங்கேயே தேய்த்தால்தான் கெடும். ஒவ்வொரு கைக்கும் இருபது நிமிஷம் போதும். எனாமலில் ஒரு வாரம் ஆகும் வேலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிகிறது.

பிரைமர் என்கிற அடிப்பூச்சு மட்டும் கட்டாயம். தண்ணீர் வகை வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வரும். கிட்டை முதலில் பாத்திர சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை இருக்கும்.

என் சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அக்ரிலிக்தானே என்று வலெஹோவில் டமியா தின்னரை ஊற்றினேன். பால் திரிந்து தயிர் ஆனதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான், கிண்ணத்தோடு குப்பைக்குப் போனது. டமியாவிலேயே எக்ஸ்-20 என்பது எனாமல் தின்னர், எக்ஸ்-20ஏ அக்ரிலிக் தின்னர். ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடையில் புட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. எம்டனை வெள்ளையாக அடிக்கப் போகிறீர்கள் என்றால் எனாமல் வேண்டவே வேண்டாம். எனாமல் வெள்ளை வருஷங்கள் போகப் போக மஞ்சளாகும், முக்கியமாக வெளிச்சம் படாத அலமாரிக்குள். சார் வீட்டில் வெள்ளைக் கப்பல் ஏதாவது இருந்தால் ஒரு வெள்ளைப் பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காகிதக்கப்பல் எழுதியது:

டமியாதான். பந்தயம் தோற்றேன்.

வெள்ளையா சாம்பலா என்பதே குழப்பமாக இருக்கிறது. நெட்டில் வெள்ளை உடம்பும் மஞ்சள் புகைபோக்கியுமாக ஒரு படம், முழுச் சாம்பலில் ஒரு படம். சென்னைக்கு வந்தபோது எந்த நிறம்? இன்னொன்று, கப்பலின் அழுக்கு, துரு, பலகை இடுக்குக் கறுப்பு எல்லாம் 'வாஷ்' கொடுத்து வரவைக்கிறார்கள், அது எதன்மேல் எது? பேப்பரில் எழுதி ஒட்டிக்கொள்கிறேன், ஒரே வரியில் சொல்லுங்கள்.

பினாங்குக்காரன் எழுதியது:

ஒரே வரியில் முடியாது தம்பி, மன்னிக்கவும்.

நிறம் முதலில். வெள்ளை, மஞ்சள் புகைபோக்கி என்பது சண்டைக்கு முந்தைய வேஷம், சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த காலம், அந்த வெள்ளையில் பார்த்துத்தான் கிழக்கின் அன்னம் என்று பெயர் வைத்தார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி உங்கள் ஊர் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது அது சாம்பல் கப்பல். எங்கள் ஊர் பினாங்குக்கு அக்டோபர் 28 விடிகாலையில் வந்தது, கித்தானில் செய்த நாலாவது பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்க வைத்து, ஜெம்சுக் என்கிற ரஷ்யக் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடித்துவிட்டுப் போனது. அந்த ரஷ்ய மாலுமிகளில் சிலர் இங்கே வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். நான் செய்த எம்டனில் அந்த நாலாவது புகைபோக்கியை டிஷ்யூ பேப்பரில் பசை தடவிச் சுருட்டிச் செய்தேன், கித்தான் சுருக்கம் தானாக வந்துவிட்டது. உங்களுக்கு மூன்று போதும்.

சாம்பல் என்றதும் புட்டியில் இருக்கிறபடியே அடிக்காதீர்கள். 1/350 மாடலை ஒரு அடி தள்ளி வைத்துப் பார்ப்பது அசலை 350 அடி தள்ளிப் பார்ப்பது மாதிரி, தூரத்தில் எல்லா நிறமும் வெளிறித்தான் தெரியும். பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால் பொம்மை மாதிரித் தெரியாது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அடர் சாம்பல் அடியுங்கள்.

இப்போது எதன்மேல் எது. வாஷ் என்பது எனாமலையோ ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலரையோ டர்பன்டைனில் கஞ்சித் தண்ணி மாதிரிக் கரைத்து ஓட விடுவது. பலகைக் கோடுகளில் தானாக ஓடி நிற்கும், கால் மணி நேரம் கழித்து டர்பன்டைன் தொட்ட காதுக்குச்சியால் மேலே இருப்பதைத் துடைத்துவிடலாம், இடுக்கில் இருப்பது தங்கும். கீழே இருப்பது அக்ரிலிக் என்றால் டர்பன்டைன் அதை ஒன்றும் செய்யாது. கீழே எனாமல் என்றால்? பழையடப்பா அண்ணன் கோபப்படக் கூடாது, அதே டர்பன்டைன் அடிப் பெயிண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு வரும். நல்லாக் காய்ந்து, நடுவில் ஒரு அக்ரிலிக் வார்னிஷ் கொடுத்தால் பிழைக்கலாம். அதனால் என் கணக்கு, உடம்பு அக்ரிலிக், அதன்மேல் வார்னிஷ், அதன்மேல் அழுக்கும் துருவும் எனாமலில், கடைசியாக மேட். சண்டையே தேவையில்லை, இரண்டும் வேண்டும்.

கடைசி மேட் வார்னிஷை மட்டும் மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிக்காதீர்கள். ஸ்ப்ரே டின்னில் ஒரு சாயங்காலம் அடித்தேன், வெளியே அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது, பத்து நிமிஷத்தில் மேல்தளம் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது, காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. வெயில் வந்த நாளில் மெல்லிசாக இன்னொரு கை அடித்துப் பாதி சரி செய்தேன், மீதியை மூடுபனி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழையடப்பா எழுதியது:

கோபமெல்லாம் இல்லை. ஈரத்தூரிகை அம்மா சொன்னபடி பேப்பரை வைத்துப் பார்த்தேன். 1990களில் அடித்த ஒரு பயணிகள் கப்பல், மேல்கட்டு முழுக்க வெள்ளை, நான் தினம் பார்ப்பதால் எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. பேப்பர் பக்கத்தில் வைத்தவுடன் நெய் நிறம். வெள்ளை விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, நங்கூரம், சங்கிலி, பீரங்கிக் குழாய், கை அடிக்கடி படுகிற இடம், இதற்கெல்லாம் எனாமல்தான். பித்தளைத் தகட்டில் வெட்டிய கைப்பிடிக் கம்பிகளில் அக்ரிலிக் அடித்து லேசாக வளைத்துப் பாருங்கள், உதிர்ந்துவிடும். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து, குழாய் நூல் மாதிரி இருக்கும், கழற்றி வைத்துக் குச்சியில் குத்தி அடியுங்கள். அப்புறம் பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டால் டர்பன்டைன் மிச்சம், கலக்க மட்டும் மண்ணெண்ணெய் கூடாது, பிசுபிசுப்பு போகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பாட்டி இருப்பார் போலிருக்கிறது.

காகிதக்கப்பல் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கிட்டில் நேரடியாகக் கை வைக்கத் தைரியம் வரவில்லை, கடையில் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு பாக்கெட் வாங்கி எட்டு ஸ்பூனில் அடித்துப் பார்த்தேன். பிரைமர் போட்டது, போடாதது, வலெஹோ, டமியா ரிட்டார்டரோடு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பழைய ஹம்ப்ரால் சாம்பல், ஒவ்வொன்றின் மேலும் பாதிக்கு வாஷ். ஸ்பூனின் முதுகு வளைவு கப்பல் மூக்கு வளைவு மாதிரியே இருப்பதால் பிரஷ் எப்படி ஓடுகிறது என்று நன்றாகத் தெரிந்தது.

ஹம்ப்ரால் ஸ்பூன்தான் எல்லாவற்றையும்விட வழவழவென்று காய்ந்தது, ஒரு கோடு இல்லை, சார் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் மறுநாளே வாஷ் கொடுத்துக் காதுக்குச்சியால் துடைத்ததும் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது, அதுவும் சொன்னபடியே. இரண்டு நாள் தூறல் வேறு, கிளிப் போட்டுப் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன், அக்ரிலிக் எல்லாம் காய்ந்துபோய் எனாமல் மட்டும் விரலில் ஒட்டியது. பிரைமர் போடாத வலெஹோவை நகத்தால் சுரண்டினால் அப்படியே வந்துவிட்டது.

உடம்புக்கு வலெஹோ நாலு கை, பீரங்கிக்கும் நங்கூரத்துக்கும் அந்த ஹம்ப்ரால், வாஷ் எனாமல். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு டமியா எக்ஸ்எஃப்-9 சிவப்பு ஏற்கெனவே இருக்கிறது, ரிட்டார்டர் விட்டு அதையே ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன், ஈரத்தூரிகை திட்டாமல் இருந்தால்.

பாட்டி கொடியில் தொங்கும் சாம்பல் ஸ்பூன்களைப் பார்த்துவிட்டு இதில் எது கப்பல் என்று கேட்டார். உடம்பு முதல் கை அடித்தாயிற்று, திட்டுத்திட்டாக இருக்கிறது, பதறாமல் உட்கார்ந்திருக்கிறேன். படம் நாளைக்குப் போடுகிறேன்.

ஈரத்தூரிகை எழுதியது:

சிவப்புக்குத் திட்டமாட்டேன், சிவப்பை முதலில் அடித்துவிட்டு டேப் ஒட்டிச் சாம்பலுக்குப் போயிருக்க வேண்டும், அதற்குத்தான் திட்டுவேன். பரவாயில்லை, இப்போது சாம்பல் முழுசாக ஒரு நாள் காயட்டும், டேப்பை ஒட்டும் முன் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.