வாட்ஸ்அப் குழு: ஆச்சி 75 (ஆச்சிக்குச் சொல்லிவிடாதீர்கள்)

நான்: ஆச்சியின் 75-ஆவது பிறந்தநாளுக்குக் கொடுக்கும் போட்டோ ஆல்பத்துக்கு ஸ்டுடியோவில் விலை கேட்டேன். இருபது படத்துக்கு 2,800 ரூபாய் என்றார்கள். நாமே செய்துவிடலாம். பிரிண்ட் ஒன்று 12 ரூபாய் வீதம் 240. கறுப்பு சார்ட் இரண்டு, வெள்ளை ஜெல் பேனா ஒன்று. எல்லாம் சேர்த்து 350-க்குள் முடிந்துவிடும்.

மதுரை சித்தி: ஃபெவிக்கால் வைத்து ஒட்டாதே பிள்ளை. அதன் ஈரத்தில் படம் நெளிந்துவிடும். என் வளைகாப்புப் படமெல்லாம் அப்படித்தான் வீணாயிற்று.

நான்: படத்தை ஒட்டவே போவதில்லை சித்தி. கல்யாணப் பத்திரிகைக் கவரின் அடிமூலையை முக்கோணமாக வெட்டினால் குட்டிப் பை மாதிரி வரும். அதைத் தாளில் ஒட்டி, படத்தின் நான்கு முனையையும் உள்ளே செருகிவிடலாம். படத்தில் பசையே படாது. ஒரு கவருக்கு இரண்டு மூலை, ஆக 40 கவர் வேண்டும்.

அம்மா: பத்திரிகைக் கவர் என்னிடமே ஒரு கட்டு இருக்கிறது. தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தேன்.

பெரியம்மா: கவர் கிடக்கட்டும், படத்துக்கு எங்கே போவது? எல்லாக் கல்யாண ஆல்பத்தையும் புரட்டிவிட்டேன். குரூப் போட்டோ எடுக்கிற நேரத்தில் அம்மா பந்தியில் நின்றிருப்பாள்.

நான்: அதற்காகத்தான் பெரியம்மா இதைச் செய்யவே நினைத்தேன். பேரன் பேத்திகள் படம் ஆச்சி வீட்டுச் சுவர் முழுக்க இருக்கிறது. ஆச்சி இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஆச்சி இருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாமா: 1975-இல் எடுத்த ஸ்டுடியோ படம் என் வீட்டில் மாட்டியிருக்கிறது மருமகளே. ஆனால் மழை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிளேடு வைத்து மெதுவாகப் பெயர்க்கட்டுமா?

நான்: வேண்டாம் மாமா, வேண்டவே வேண்டாம்! படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். பெயர்த்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே போட்டோ எடுங்கள். பகலில் ஜன்னல் ஓரமாகக் கிடத்தி, டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடாது. கறுப்புத் துணி ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு போனுக்கு முன்னால் பிடித்தால் உங்கள் பிம்பம் கண்ணாடியில் விழாது.

தூத்துக்குடி மாமா: (படம்)

நான்: அருமையாக வந்திருக்கிறது மாமா. இதையே டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். 4×6 பிரிண்ட் தெளிவாக வர 1200-க்கு 1800 பிக்சலாவது வேண்டும்.

பெரியம்மா: எனக்கு அன்று ஐந்து வயது. அம்மா கட்டியிருப்பது கிளிப்பச்சை, அரக்குக் கரை. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும்! பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். மறுநாளே துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

நான்: பெரியம்மா, இதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதப் போகிறேன். எல்லாரும் இப்படி ஒவ்வொரு படத்துக்கும் தெரிந்ததைச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும்.

மதுரை சித்தி: எழுத்தைப் பெரிதாகப் போடு. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் அம்மா பொடி எழுத்துக்குத் திணறுகிறாள். பிரிண்டும் மேட் ஃபினிஷில் போடச் சொல், பளபளப்பு கண்ணைக் கூசும்.

நான்: சரி சித்தி. சார்ட்டை நான்காக வெட்டி மடித்தால் ஒரு பக்கம் 7 அங்குல அகலம், 11 அங்குல உயரம் வரும். படத்துக்குக் கீழே நிறைய இடம் இருக்கும். நடு மடிப்பில் சாக்கு ஊசியால் மூன்று துளை போட்டு நூல் கோத்துவிடுவேன்.

அண்ணன்: கடைக்கு அனுப்ப எல்லாப் படத்தையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். போன் படம் 4-க்கு 3, பிரிண்ட் 3-க்கு 2. நாம் வெட்டாமல் கொடுத்தால் கடைக்காரரே வெட்டித் தலையைக் காலி செய்துவிடுவார். மாமாவின் முதல் பிறந்தநாள் படத்தில் ஆச்சி இல்லை, எடுத்துவிடட்டுமா?

அண்ணன்: (படம்)

அம்மா: இருக்கிறாள்.

அம்மா: நீ வெட்டியதில் போய்விட்டது. முழுப் படத்தைப் போடு.

அண்ணன்: (படம்)

அம்மா: நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருக்கிறான் அல்லவா? இடது ஓரத்தில், அவன் இடுப்புக்குப் பின்னால் பார். இரண்டு கண்ணாடி வளையல் தெரிகிறதா? அவன் சரிந்துவிடாமல் அம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

தூத்துக்குடி மாமா: இத்தனை வருடம் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன் அக்கா. அதைத் துணி மடிப்பு என்றே நினைத்திருந்தேன்.

அண்ணன்: வெட்டவில்லை மாமா. முழுப் படத்தையும் வெள்ளை ஓரம் விட்டு பிரிண்ட் போடச் சொல்கிறேன்.

தூத்துக்குடி மாமா: அதை முதல் பக்கத்தில் வை மருமகளே. கீழே எழுத வேண்டியதை நானே ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுகிறேன்.