பேரனுக்கு என்ன விடை சொல்வது?

காரைக்கால் பாட்டி (செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன்):
காரைக்காலிலிருந்து வாழ்க்கைப்பட்டு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட இத்தீவுக்கு வந்து 38 ஆண்டுகள் ஆகின்றன. என் மருமகன் பாரிசில் பிறந்தவர். அவருடைய பெற்றோர், பிரெஞ்சு அரசு 1963இல் தொடங்கிய புமிதோம் என்னும் குடிபெயர்ப்பு அலுவலகத்தின் வழியாகக் கரீபியத் தீவான குவாதலூப்பிலிருந்து வேலைக்குச் சென்றவர்கள். பள்ளியில் அவரை ‘உண்மையில் உனக்கு எந்த ஊர்?’ என்று கேட்பார்களாம். விடுமுறைக்குக் குவாதலூப் போனாலோ, பிரான்சில் வளர்ந்தவன் என்று குத்திக்காட்டி உறவுப் பிள்ளைகளே ‘நெக்ரோபொலித்தேன்’ என்பார்களாம். விடுமுறைக்கு வந்திருக்கும் என் பன்னிரண்டு வயதுப் பேரன், நேற்று நான் வைத்த கோழிக் குழம்பை ஒரு வாய் உண்டதும், “இது அப்பாயி செய்யும் கொலம்போ” என்றான். குவாதலூப்பில் இவ்வகைக் குழம்புக்கு அதுதான் பெயர். சற்றுப் பொறுத்து, “அப்படியானால் நான் யார், பாட்டி?” என்று கேட்டு, சோற்றில் விரல் வைத்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடை சொல்லத் தெரியாமல் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினேன். அது என்னை உறுத்துகிறது.

ஊர் திரும்பியவன்:
அம்மா, நானும் 1972இல் அதே அலுவலகத்தின் மூலம் இங்கிருந்து பாரிசுக்குப் போனவன். ரீயூனியனும் குவாதலூப்பும் 1946இலேயே பிரான்சின் மாவட்டங்கள் ஆகிவிட்டதால், சட்டப்படி நாங்கள் அயல்நாட்டார் அல்லர். ஆயினும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முகத்தைப் பார்த்ததுமே இல்லை என்றுவிடுவார்கள். எங்களுக்காவது நினைத்துக்கொள்ள ஓர் ஊர் இருந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. 14 வயதில் இங்கு வந்த என் மகளை, பிரான்சிலிருந்து வரும் வெள்ளையரைக் குறிக்கும் ‘சோரெய்’ என்ற சொல்லால் வகுப்பில் அழைத்தார்கள். ஓராண்டு அவள் இத்தீவின் பேச்சுமொழியான கிரெயோல் பேச வாயே திறக்கவில்லை. பேரனை அவன் தந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். பட்டவர் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்வான்.

தமிழாசிரியை (மொரீசியஸ்):
1854 முதல் 40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப்புக்குப் போனார்கள். அவர்களில் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். அவர்கள் வழிவந்தோரின் குடியுரிமைக்காக ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை நீண்டது. இதைச் சொன்னால், தாய்வழி, தந்தைவழி இரண்டிலுமே தான் நம்மவன் என்பது பேரனுக்கு விளங்கும்.

ஊர் திரும்பியவன்:
வரலாறு சரி, ஆசிரியை அவர்களே. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குவாதலூப் மக்களில் பெரும்பாலோர், 1848 வரை அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். ஒரு குழம்பின் பெயரை வைத்து அந்த முன்னோரையும் நம் கணக்கில் எழுதிக்கொண்டால், அவனுடைய பாதியை நாமே மறைத்துவிடுவோம்.

காரைக்கால் பாட்டி:
உண்மைதான் ஐயா, சம்பந்தியம்மாளின் முன்னோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களே. இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்து, கொலம்போ எப்படிச் செய்வது என்று பேரனை விட்டே கேட்கச் சொல்கிறேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.