வீட்டைக் காலி செய்ய எழுத்தில் முன்னறிவிப்பு: வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் வராதா?

கேள்வி: வாடகைதாரர், தாம்பரம்

அனைவருக்கும் வணக்கம். மாதம் 14,000 ரூபாய் வாடகையில், 1,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்துக் குடியிருக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. இரு தரப்பில் யார் முடித்துக்கொள்ள விரும்பினாலும் இரண்டு மாதங்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. என் கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்ததால், மே 4-ஆம் தேதி வாடகை கொடுக்கப் போனபோதே உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டோம். ஆடி பிறப்பதற்குள், ஜூலை 5-ஆம் தேதி காலி செய்கிறோம் என்று அன்றிரவே வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "சரிம்மா, வேற ஆள் பாக்கச் சொல்றேன்" என்று பதில் வந்தது. மே கடைசி வாரத்தில் கேட்டில் டு-லெட் பலகை தொங்கியது. இரண்டு குடும்பங்களை அவரே அழைத்து வந்து, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்த சமையலறை வரை காட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 12-ஆம் தேதி திடீரென்று, "நீங்கள் கடிதமே தரவில்லை, கடிதம் தரும் நாளிலிருந்துதான் இரண்டு மாதக் கணக்கு, ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள்" என்கிறார். ஆகஸ்ட் வரையிலான வாடகையையும், பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையையும் முன்பணத்தில் பிடித்துக்கொள்வாராம். பெயின்ட் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. கோவையில் முன்பணம் கட்ட இந்தத் தொகையைத்தான் நம்பியிருக்கிறோம். இப்போது கடிதம் கொடுத்தால், அவர் சொல்வதை நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

பதில்: திருச்சி வாசகர்

கவலைப்பட வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவின்படி, மாத வாடகைக்கு 15 நாள் முன்னறிவிப்பே போதும். ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்று எழுதிக்கொண்டாலும் சட்டம்தான் மேலானது.

பதில்: பத்திர எழுத்தர், மதுரை

மேலே நண்பர் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் அந்த 15 நாள் விதி பொருந்தும் என்று அந்தப் பிரிவே தொடக்கத்தில் சொல்கிறது. உங்களிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருப்பதால், அதிலுள்ள இரண்டு மாதம்தான் உங்களுக்குக் கணக்கு.

ஆனால் அந்த இரண்டு மாதத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள் என்பதே என் கருத்து. மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்கும் நிலையை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்படுத்திவிட்டது. அதைவிட வலுவானது உரிமையாளரின் நடத்தை. முன்னறிவிப்பே வரவில்லை என்றால் எதை நம்பிப் பலகை மாட்டினார், எதை நம்பி ஆட்களை அழைத்து வந்தார்? பலகை இன்னும் தொங்கினால் இன்றே படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். மே 4-க்குப் பிறகு வந்த எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

கடிதம் கட்டாயம் கொடுங்கள். உங்கள் அச்சம் நியாயமானதே. வாசகம் தவறினால் நீங்கள் நினைத்தபடியேதான் ஆகும். "இதன் மூலம் இரண்டு மாத முன்னறிவிப்பு அளிக்கிறேன்" என்று எழுதினால் கணக்கு இன்றிலிருந்து தொடங்கிவிடும். அதனால் இப்படி எழுதுங்கள்: "கடந்த மே 4-ஆம் தேதி நேரிலும் வாட்ஸ்அப் வழியாகவும் நான் தெரிவித்து, தாங்களும் அன்றே ஏற்றுப் பதிலளித்த முன்னறிவிப்பை இக்கடிதத்தின் வாயிலாக உறுதிப்படுத்துகிறேன். அதன்படி ஜூலை 5-ஆம் தேதி வீட்டைக் காலி செய்து சாவிகளை ஒப்படைப்பேன். முன்பணம் 1,00,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரே இதிலும் கையெழுத்திட வேண்டும். கணவர் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் அவர்தான்.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டிலேயே ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். கவுன்டரில் தரும் ரசீதைக் கடித நகலோடு பின் செய்து வையுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு தொலைந்துபோய்ப் பின்னால் தவித்தவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்கிறது. புழங்கியதால் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். ஒப்பந்தத்தில் இல்லாத பெயின்ட் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆணி அடித்துச் சுவர் பெயர்ந்திருந்தால் அது வேறு. அதை நீங்களே பூசிக் கொடுத்துவிடுங்கள்.

பதில்: வீட்டு உரிமையாளர், சென்னை

இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆடியில் வீடு பூட்டிக் கிடக்கும் என்ற அச்சம் உண்மையானது. வாடகையை நம்பி வங்கித் தவணை கட்டுபவர்களுக்கு அந்த ஒரு மாதம் பெரிய சுமை. எழுத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு: காலி செய்வதாகச் சொல்லி, நாங்கள் வேறொருவரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய பிறகு, "இன்னும் மூன்று மாதம் இருக்கிறோம்" என்றவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் மே மாதமே சரி என்று எழுதிவிட்டு ஜூனில் கணக்கை மாற்றுவது முறையல்ல, சகோதரி.

ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். கடிதம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. சாவி கைமாறும் வரை வீடு உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. காலியான அறைகளை வீடியோ எடுத்துவிட்டு, எத்தனை சாவிகள், மின் மீட்டரில் அன்றைய ரீடிங் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள் என்பதால், அந்த எண்ணைக் குறிக்காவிட்டால் அடுத்துக் குடிவருபவரின் மின்கட்டணமும் உங்கள் முன்பணத்தில் கழியும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வாசகத்தில் கணவர் கையெழுத்திட்டு, ஜூன் 15-ஆம் தேதி அனுப்பினோம். ஒப்புகை அட்டை நேற்று வந்தது. ஆனால் அதில் உரிமையாளரின் மனைவி கையெழுத்திட்டிருக்கிறார். இது செல்லுமா?

பதில்: பத்திர எழுத்தர், மதுரை

செல்லும். அவருடைய வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பியதே போதுமானது. நேரில் சேர்ப்பித்தால்கூட, அவர் வசிப்பிடத்தில் குடும்பத்தாரில் ஒருவரிடம் கொடுக்கலாம் என்றே 106-ஆம் பிரிவு சொல்கிறது. அட்டையையும் ரசீதோடு சேர்த்து வைத்துவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்குங்கள்.