ஸ்டோல்பர்ஸ்டைன் கற்களின் முன் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பெர்லினிலிருந்து:
1938-இல் நாஜிகள் யூதர்களைத் தாக்கிய இரவின் நினைவாக, நவம்பர் 9 அன்று, நாஜிக் கொடுமைக்கு ஆளானோரின் பெயர் பொறித்து அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் பதித்த பித்தளை முகப்புக் கற்களைத் துலக்குவது எங்கள் தெருவின் வழக்கம். சென்ற ஆண்டு நானும் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'இங்கே வாழ்ந்தார்' என்ற வரி, பெயர், பிறந்த ஆண்டு 1938, பிறகு 1943, ஆஷ்விட்ஸ் வதைமுகாம் என ஒவ்வொன்றாகக் கறுப்பிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டிருந்தபோது, நாயுடன் வந்த ஒரு முதியவர் நின்று, "இன்னும் எத்தனை காலத்துக்கு? உலகத்துப் பணமெல்லாம் இன்றும் அவர்கள் கையில்தானே இருக்கிறது" என்று காய்கறி விலை பேசும் குரலில் சொன்னார். யூதர்களைப் பற்றி நாஜிச் சுவரொட்டிகள் சொன்னதும் இதையேதான். "இந்தக் கல்லுக்கு உரிய குழந்தைக்கு ஐந்து வயது, அதன் கையில் எவ்வளவு பணம் இருந்தது?" என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். எனக்கு இன்றும் உறுத்துவது அவரன்று. என் அருகில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, ஏற்கெனவே பளபளத்த கல்லையே தலைநிமிராமல் மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டிருந்ததுதான்.

மியூனிக்கிலிருந்து:
அந்தப் பெண்மணி அஞ்சியிருக்கலாம்; அவரைக் குறைகூற வேண்டாம். எனக்கு அந்தக் கற்களே நெருடல்தான். கொலோனில் ஓர் இளைஞன் பேசிக்கொண்டே சிகரெட்டை ஒரு பெயரின்மேல் நசுக்கி அணைத்ததைப் பார்த்தேன்; அவன் கீழே பார்க்கவேயில்லை. சிறுமியாக இருந்தபோது ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் மறைந்து வாழ்ந்து உயிர்தப்பிய சார்லோட் க்னோப்லோக், எங்கள் நகர யூதச் சமூகத்தின் தலைவராக, பெயர்கள் காலில் மிதிபடக் கூடாது என்று எதிர்த்தார். அதனால்தான் இங்கே பொதுத் தெருக்களில் அனுமதி இல்லை. அவற்றுக்குப் பதிலாக 2018 முதல் பெயர் தாங்கிய சுவர்ப் பலகைகளும் தூண்களும் கண்மட்டத்தில் நிற்கின்றன.

ஹாலேயிலிருந்து:
மியூனிக் நண்பருடன் நான் உடன்படவில்லை. படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும் என்பதே இந்தக் கற்களை உருவாக்கிய கலைஞர் குன்டர் டெம்னிக்கின் எண்ணம். வெறுப்பவர்கள் உயரம் பார்ப்பதில்லை: 2024 அக்டோபரில் ட்ஸைட்ஸ் நகரின் பத்துக் கற்களையும் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள், பொதுமக்கள் நன்கொடையில் புதியவை வந்தன. எங்கள் ஊர் யூத ஜெபாலயத்தின் கதவை, 2019-இல் யூதரின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று துப்பாக்கிக்காரனால் உடைக்க முடியாமல் போன அதே மரக்கதவை, நேரில் பார்த்தேன். குண்டு துளைத்த இடங்களில் மரம் சிம்புசிம்பாகப் பிளந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவர் கொல்லப்பட்டார்கள்.

பெர்லின் நண்பருக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாதாரண உலோக மெருகுப் பசையும் மென்மையான பஞ்சும் போதும். கம்பித் தூரிகை கீறிவிடும். பசை சுற்றியுள்ள கற்களில் கறையாகாமல் அட்டையில் சதுரமாக வெட்டிக் கல்லைச் சுற்றி வையுங்கள். முக்கியமானது வேறு. இத்தகைய பேச்சைக் கேட்டால் அன்றே, அதே சொற்களில், நேரமும் இடமும் சேர்த்து எழுதிவைத்து, யூத வெறுப்புச் சம்பவங்களைத் திரட்டும் ரியாஸ் அமைப்புக்கு அனுப்புங்கள். சட்டப்படி குற்றமாகாத சம்பவங்களையும் அவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் சாட்சியாகச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.