நோயில்லாத குழந்தைக்கு ஆறு மாதம் மாத்திரை

குலசேகரத்திலிருந்து ஒரு தந்தை

ரப்பர் பால் வெட்டப் போய்வரும் என் அப்பாவுக்கு இரண்டு மாதமாக இருமல் இருந்தது. அதிகாலைப் பனியில் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இருமல் வருவது இயல்புதானே என்று சுக்குக் காப்பியோடு விட்டுவிட்டோம். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானபோது, அவர் பக்கத்திலேயே படுத்துறங்கிப் பழகிய என் மகளுக்கு வயது இரண்டு.

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் முதலில் கேட்டது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உண்டா என்பதைத்தான். மகளுக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை, எடை குறையவில்லை, மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. அப்படியிருந்தும் ஐசோனியசிட் என்ற காசநோய்த் தடுப்பு மாத்திரையை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில், நாள்தோறும் 6 மாதம் கொடுக்கச் சொன்னார்கள். "பிள்ளைக்கு ஒரு சீக்கும் இல்லியே, பிறவு எதுக்கு மக்களே மாத்திரை?" என்று அம்மா கேட்டபோது என்னிடமும் பதில் இல்லை. பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றே என்பது என் வாதம். அந்த ஊசி மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பெருமளவு காக்குமே தவிர, ஒரே அறையில் வாரக்கணக்கில் மூச்சோடு உள்ளே போகும் கிருமியைத் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது என்று மருத்துவர் விளக்கினார். கிருமி தொற்றிய பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அது வாழ்நாளில் நோயாக மாறுகிறது. சிறு குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதுவும் பெரும்பாலும் தொற்றிய ஓராண்டுக்குள்.

உண்மையில் கடினமாக இருந்தது நான்காம் மாதம். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, மகள் முற்றத்தில் ஓடியாடுகிறாள், இனி எதற்கு என்ற அலுப்பு எல்லாருக்கும் வந்தது. அப்பா தம் மாத்திரைகளை விழுங்கும் நேரத்திலேயே அவளுக்கும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவந்ததால்தான் ஒரு நாளும் தவறவில்லை. அவருடைய சிகிச்சை முடிந்தபோது அவளுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கியிருந்தது. அந்த மூன்று வாரமும் தம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பாட்டா பேத்திக்குத் துணையாக உட்கார்ந்தார்.

குளச்சலிலிருந்து ஒரு தாய்

எனக்கே நோய் வந்தது. குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். தாய்ப்பாலை நிறுத்து, பிள்ளையை அம்மை வீட்டுக்கு அனுப்பு என்று உறவினர் அனைவரும் சொன்னார்கள். கிருமி காற்றில் பரவுகிறது, பாலில் அல்ல என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னதால் முகக்கவசம் கட்டிக்கொண்டு பால் கொடுத்தேன், சன்னல்களைத் திறந்தே வைத்தேன், குழந்தைக்குத் தடுப்பு மாத்திரையும் தொடங்கினார்கள். வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள். அப்படி எதுவும் நேரவில்லை. எடை கூடக் கூட மருந்தின் அளவையும் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதை மற்றத் தாய்மாருக்காகக் குறிப்பிடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்

ஆசாரிப்பள்ளம் என்றாலே காசநோய் மருத்துவமனையை நினைத்து மக்கள் குரலைத் தாழ்த்திய காலத்தை அறிந்தவள் நான். நோயை மறைத்த வீடுகளில் குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

தடுப்பு மாத்திரைக்கு முன் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் நான்கு வயதுப் பையனுக்கு இருமலே இல்லை. "முன்பு போல் சேட்டை கிடையாது, இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டான்" என்று தாய் மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்த அமைதிதான் எனக்கு உறுத்தியது. அட்டையைப் பார்த்தால் பல மாதங்களாக எடையும் கூடவில்லை. சிறுவர்களுக்குச் சளி துப்பத் தெரியாது என்பதால் காலையில் வெறும் வயிற்றில் குழாய் வழியே இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தார்கள், நோய் இருந்தது. அவனுக்குத் தடுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்திருந்தால் நோய் தீராததோடு கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகவும் மாறியிருக்கும். கூட்டு மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவனுடைய ஒன்றரை வயதுத் தங்கைக்கு எந்த அறிகுறியும் இல்லை, எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது; அவளுக்குத்தான் தடுப்பு மாத்திரை தொடங்கினோம்.